பழைய ட்ரையம்ஃப் 650 இன்ஜின்: செம்பு ஹெட் கேஸ்கெட்டைக் கசிவின்றி அமர்த்துவது எப்படி?

பழைய650 எழுதியது:

வணக்கம். 1968-ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் பொன்னவில் டி120 ஒன்றின் இன்ஜினைப் பிரித்துப் புதுப்பித்து வருகிறேன். வண்டி என் கைக்கு வருவதற்கு முன்பே அதன் மேல்பகுதியை யாரோ ஒருமுறை பிரித்து மாட்டியிருக்கிறார்கள். நான் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் மூடியை) கழற்றியபோது, அதன் அடியிலுள்ள கசிவுத் தடுப்புத் தகடான செம்பு கேஸ்கெட்டின் இரு முகங்களிலும் சிவப்பு சிலிகான் சீலண்ட் தடிமனாகத் தடவப்பட்டிருந்தது. சிலிண்டர் துளைகளை ஒட்டிய விளிம்புகளில் அது கருகி, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. இரண்டு துளைகளுக்கும் இடையிலுள்ள குறுகிய பாலத்தில், நடு போல்ட்டின் துளையைத் தொட்டபடி ஒரு கரிக்கோடு பக்கத்துக்குப் பக்கம் ஓடியிருக்கிறது. முன்பக்கப் புஷ்ராடு குழாயை (வால்வுகளை இயக்கும் தள்ளுகம்பிகள் செல்லும் குழாயை) சுற்றியுள்ள ஃபின்களில், அதாவது குளிர்விக்கும் செதில்களில், எண்ணெயும் தூசியும் அடையாக அப்பியிருக்கின்றன.

புதிய செம்பு கேஸ்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். அதை அப்படியே பொருத்தலாமா, பழுக்கக் காய்ச்சி மென்மையாக்கிய பிறகுதான் பொருத்த வேண்டுமா? சீலண்ட் தேவை என்றால் எந்த வகை? இம்முறை எண்ணெய்க் கசிவையும் வாயுக் கசிவையும் சேர்த்தே நிறுத்திவிட விரும்புகிறேன்.

வார்ப்பிரும்பு எழுதியது:

சீலண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், நீங்கள் கண்டிருக்கும் இரண்டு கசிவுகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த இன்ஜினில் ஹெட் கேஸ்கெட்டின் வழியாக எண்ணெய்ப் பாதை எதுவும் செல்வதில்லை. ராக்கர்களுக்கான (வால்வுகளை அழுத்தித் திறக்கும் நெம்புகளுக்கான) எண்ணெய், டாங்கிற்குத் திரும்பும் குழாயிலிருந்து பிரிந்து வெளிப்புறக் குழாய் வழியாக மேலே போகிறது. வேலையை முடித்த எண்ணெய் புஷ்ராடு குழாய்களுக்குள் வழிந்து கீழே இறங்குகிறது. ஆகவே கேஸ்கெட்டின் பணி எரிஅறை வாயுவின் அழுத்தத்தைத் தடுப்பது மட்டுமே. ஃபின்களில் நீங்கள் பார்த்த எண்ணெய், புஷ்ராடு குழாயின் மேல் அல்லது கீழ் ரப்பர் சீலிலிருந்தோ, ராக்கர் பெட்டியின் அடியிலிருந்தோ வந்திருக்க வேண்டும். கேஸ்கெட்டில் எவ்வளவு சிலிகான் பூசினாலும் அந்த எண்ணெய் நிற்காது.

சிலிகான் எரிஅறையின் விளிம்பில் நிலைக்காது என்பதற்கு உங்கள் பழைய கேஸ்கெட்டே சான்று. அதைவிடக் கெடுதலான விஷயம், பிதுங்கி உள்ளே விழும் துணுக்குகள் புஷ்ராடு குழாய் வழியாக அடிப்பெட்டிக்குப் போய் எண்ணெய் வடிகட்டியிலும் பம்பின் வால்விலும் சிக்கிக்கொள்வது. கீழ்ப்பகுதியையும் பிரித்திருக்கிறீர்கள் என்றால் எண்ணெய் வழிகள் அனைத்தையும் காற்றடித்துப் பார்த்துவிடுங்கள்.

செம்புவளையம் எழுதியது:

முந்தைய பதிவுடன் முழுமையாக உடன்படுகிறேன். ஆனாலும் கேஸ்கெட்டை முற்றிலும் உலர்வாகப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வயதுடைய ஹெட்டிலும் பேரலிலும் (சிலிண்டர் துளைகள் உள்ள வார்ப்பிலும்) கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். அவற்றை நிரப்ப மெல்லிய பூச்சு ஒன்று உதவுகிறது. செம்புத் துகள் கலந்த ஸ்பிரே, இறுகாத தன்மையுள்ள ஹைலோமார் போன்ற நீல நிறப் பசை, பழைய மெக்கானிக்குகள் நம்பிய அலுமினிய பெயிண்ட் ஆகிய மூன்றும் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். எதுவானாலும் செம்பின் நிறம் அடியில் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். அதில் உள்ள கரைப்பான் முழுவதும் ஆவியான பிறகே ஹெட்டை இறக்க வேண்டும்.

இறுகாத பசையை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. உங்கள் ஹெட் அலுமினியம், பேரல் வார்ப்பிரும்பு. ஒரு பாகை வெப்ப உயர்வுக்கு அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் நீள்கிறது; வார்ப்பிரும்பு சுமார் 11 மைக்ரான்தான் நீள்கிறது. 150 மில்லிமீட்டர் நீளத்தில் 150 பாகை உயர்ந்தால் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் ஆகிறது. இன்ஜின் சூடாகிக் குளிரும் ஒவ்வொரு முறையும் ஹெட் பேரலின் மேல் இந்த அளவுக்கு நகர முயல்கிறது. கண்ணாடிபோல் இறுகும் எந்தப் பூச்சும் இந்த உராய்வில் விரிசல் விடும். செம்பின் விரிவு 17 மைக்ரான், அதாவது இரண்டு உலோகங்களுக்கும் நடுவில் இருப்பது. மென்மையாகவும் இருப்பதால் அது இந்த இழுபறியைத் தாங்கிக்கொள்கிறது.

பழைய650 எழுதியது:

இருவருக்கும் நன்றி. கேஸ்கெட்டுக்கு எண்ணெய் வேலையே இல்லை என்பது எனக்குப் புதிய செய்தி. இன்று சில அளவுகளை எடுத்தேன். ஹெட்டின் முகத்தில் நேர்விளிம்பை வைத்துப் பார்த்தபோது, நடுப்பாலத்தில் இடைவெளி அளக்கும் 0.08 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு நுழைகிறது. வெளி ஓரங்களில் 0.04-கூட நுழையவில்லை. பேரலின் மேல்முகத்தில் போல்ட் துளைகளைச் சுற்றிலும் மெல்லிய மேடு தட்டுப்படுகிறது. நகத்தை ஓட்டினால் தடுக்கிறது.

நேர்விளிம்பு எழுதியது:

அந்த மேடுதான் முதலில் தீர வேண்டிய குறை. இந்த இன்ஜினில் ஹெட் போல்ட்டுகள் பேரலின் வார்ப்பிரும்பு மரையில் நேரடியாக இறங்குகின்றன. யாராவது அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் மேல் மரை இழுபட்டுத் துளையின் விளிம்பு எழும்பிவிடும். ஹெட் அந்த மேடுகளின் மேல் உட்கார்ந்துகொண்டால், கேஸ்கெட்டை அழுத்த வேண்டிய விசை துளைகளின் விளிம்பிலேயே தீர்ந்துபோகிறது. டார்க் ரெஞ்சோ சரியான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். தட்டையான எண்ணெய்க்கல்லால் மேடுகளைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஒவ்வொரு துளையின் வாயிலும் கையாலேயே ஒரு சிறு சரிவு வெட்டுங்கள். முதல் மரை முகமட்டத்துக்குச் சற்றுக் கீழே தொடங்க வேண்டும். அதற்கு மேல் வெட்டத் தேவையில்லை.

ஹெட்டைப் பொறுத்தவரை, 0.05 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வளைவை நான் விட்டுவைப்பதில்லை. 0.08 என்பது மெஷினுக்கு அனுப்பாமல் கையாலேயே தீர்க்கக்கூடிய அளவு. வால்வுகளைக் கழற்றிவிட்டு, தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் 320 எண் நீர் உப்புத்தாளை ஒட்டி, மண்ணெண்ணெய் தெளித்து, ஹெட்டை எட்டு வடிவத்தில் தேய்க்க வேண்டும். அழுத்தக் கூடாது, ஹெட்டின் சொந்த எடையே போதும். சிறிது நேரத்துக்கு ஒருமுறை ஹெட்டைக் கால்வட்டம் திருப்பிப் பிடித்தால் ஒரே பக்கம் சாய்ந்து தேய்வதைத் தவிர்க்கலாம். தொடங்குவதற்கு முன் முகம் முழுவதும் மார்க்கர் பேனாவால் கட்டம் போட்டுக்கொண்டால், எங்கே இன்னும் தாள் படவில்லை என்பது தானாகவே தெரிந்துவிடும். நடுப்பாலத்தில் உள்ள மைதான் கடைசியில் மறையும். அது மறைந்ததும் 400 எண் தாளில் இரண்டு மூன்று சுற்று, அவ்வளவுதான். கண்ணாடிபோல் பளபளப்பு ஏற்ற முயல வேண்டாம், மென்மையான செம்புக்கு மெல்லிய கோடுகள் உள்ள முகமே நல்ல பிடிமானம்.

வார்ப்பிரும்பு எழுதியது:

நடுவில் 0.08, ஓரங்களில் சரியாக இருக்கிறது, கரிக்கோடும் நடுவிலேயே ஓடியிருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வேறொன்றின்மேல் சந்தேகம் வருகிறது. இந்த இழையில் முக்கியமாகப் பேச வேண்டியது அதுவே என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

புஷ்ராடு குழாய்கள் இரண்டும் பேரலின் நடுவில், முன்னும் பின்னுமாக நிற்கின்றன. அவற்றின் அடி டாப்பெட் (புஷ்ராடைத் தள்ளும் உருளை) வழிகாட்டிக் கட்டைகளின் மேலும், தலை சிலிண்டர் ஹெட்டின் குழிக்குள்ளும் ரப்பர் சீல்களுடன் அமர்கிறது. ஹெட்டை இறுக்கும்போது கேஸ்கெட்டும் இந்தச் சீல்களும் ஒரே நேரத்தில் நசுங்க வேண்டும். சீல்கள் தேவைக்கு மேல் தடிமனாக இருந்தால் குழாய்கள் இரண்டும் முட்டுக்கட்டைபோல் நின்று ஹெட்டின் நடுப்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். சுற்றியுள்ள போல்ட்டுகள் ஓரங்களைக் கீழே இழுக்கும். நடுவில் அழுத்தம் குறையும். அந்நிலையில் இன்ஜின் தொடர்ந்து ஓடினால் ஹெட் அப்படியே வளைந்துவிடும். எண்ணெய்க் கசிவை நிறுத்தும் எண்ணத்தில் யாரோ இரட்டை ஓ-ரிங் போட்டு, அதன் விளைவாக வாயுக் கசிவை வரவழைத்திருக்கக்கூடும். சீல்கள் மெலிதாக இருந்தாலோ இதற்கு நேர்மாறு: கேஸ்கெட் நன்றாக அமரும், எண்ணெய் வழியும்.

எனவே சீலண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் உலர்வாக ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். பேரலின் மேல் கேஸ்கெட்டை வையுங்கள். குழாய்களைப் புதிய சீல்களுடன் நிறுத்துங்கள். ஹெட்டை மெதுவாக இறக்கி, போல்ட் எதுவும் போடாமல் விடுங்கள். ஹெட் இப்போது ரப்பரின் மேல் நிற்கும். கேஸ்கெட்டின் மேல்முகத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை நான்கு பக்கமும் ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். 0.030 முதல் 0.040 அங்குலம் வரை, அதாவது 0.75 முதல் 1 மில்லிமீட்டர் வரை இருந்தால் சரி. ரப்பர் நசுங்கப்போகும் அளவு அதுதான்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஹெட்டின் முகத்தில் நீங்கள் எவ்வளவு தேய்த்து எடுக்கிறீர்களோ, அவ்வளவு இந்த இடைவெளி கூடும். ஆகவே முகவேலை முழுவதும் முடிந்த பிறகே சீல்களின் தடிமனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டாப்பெட் கட்டைகள் பேரலிலேயே பொருந்தியிருப்பதால், பேரலுக்கு அடியிலுள்ள பேஸ் கேஸ்கெட்டின் தடிமன் இந்தக் கணக்கில் வராது.

பழைய650 எழுதியது:

நீங்கள் எழுதியபடியே அடுக்கிப் பார்த்தேன். கேஸ்கெட் தொகுப்பில் வந்த தடித்த சீல்களுடன் 1.9 மில்லிமீட்டர் இடைவெளி வருகிறது. பழைய குழாய்களின் அடியில் இரண்டு ஓ-ரிங்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிப்போய் இருந்ததையும் இப்போதுதான் கவனித்தேன். மெல்லிய சீல்களை வரவழைப்பதா, அல்லது சீலை அப்படியே விட்டுவிட்டு 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேஸ்கெட்டைப் போட்டு ஹெட்டையே உயர்த்துவதா? என்னிடம் இருப்பது 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீட்டர் தடிமனுள்ளது.

நேர்விளிம்பு எழுதியது:

தடித்த கேஸ்கெட்டைப் போட்டாலும் 1.9 என்பது 1.2 ஆகத்தான் குறையும்; அதுவும் அதிகம்தான். அத்துடன் கம்ப்ரஷன் விகிதமும் மாறும். உங்கள் இன்ஜினின் துளை 71, ஸ்ட்ரோக் 82 மில்லிமீட்டர். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 324.6 சிசி. விகிதம் 9 என்றால் எரிஅறையின் கொள்ளளவு 40.6 சிசி. கேஸ்கெட்டின் துளையும் 71 என்றே வைத்துக்கொண்டால், தடிமன் 0.73 மில்லிமீட்டர் கூடும்போது எரிஅறையில் 2.9 சிசி சேர்கிறது. விகிதம் ஏறத்தாழ 8.5-க்கு இறங்கிவிடுகிறது. தட்டல் சத்தத்தைக் குறைப்பதற்காக இதை விரும்பியே செய்பவர்கள் உண்டு, அது தவறல்ல. ஆனால் சீலின் உயரத்தைச் சரிசெய்வதற்காக எரிஅறையை மாற்றுவது முறையாகாது. இந்தக் குழாய்களுக்கான சீல்கள் பல தடிமன்களில் கிடைக்கின்றன. அவற்றை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்.

செம்புவளையம் எழுதியது:

காய்ச்சுவது பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. புதிய கேஸ்கெட்டாக இருந்தாலும் நான் காய்ச்சியே பொருத்துவேன். தகட்டிலிருந்து வெட்டும்போதும், அடுக்கில் கிடந்து வளைந்து நிமிரும்போதும் செம்பு இறுகிவிடுகிறது. ஒருமுறை இன்ஜினில் நசுங்கிய கேஸ்கெட்டையோ காய்ச்சாமல் மறுபடி போடவே கூடாது. விரலால் ஒரு முனையைப் பிடித்துத் தட்டிப் பார்த்தால் இறுகிய செம்பு மணிபோல் ஒலிக்கும். காய்ச்சிய செம்பின் ஒலி மழுங்கியிருக்கும்.

வெளிச்சம் குறைந்த இடத்தில் செய்வது நல்லது. வெயிலில் செம்பு சிவப்பதே தெரியாது, தெரியும்போது அளவு மீறியிருக்கும். தீப்பொறுக்கும் செங்கல்லின் மேல் கேஸ்கெட்டை முழுவதும் தட்டையாகப் படுக்க வைத்து, சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாக நகர்த்திக்கொண்டே, எல்லாப் பகுதியும் மங்கலான செந்நிறத்தை எட்டும்வரை சூடாக்குங்கள். அது ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ். செம்பு உருகுவது 1085 பாகையில் என்பதால் போதுமான இடைவெளி இருக்கிறது. இருந்தாலும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் வரை கொண்டுபோனால் உலோகத்தின் படிகங்கள் பெருத்துவிடும். புகை கக்கும் மஞ்சள் சுடரைத் தவிர்த்து நீலச் சுடரையே பயன்படுத்துங்கள்.

அலுமினிய கேஸ்கெட் உள்ள வண்டிகளை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அதே முறையைக் கையாள வேண்டாம். அலுமினியம் நிறம் மாறாமலேயே 660 பாகையில் உருகி ஓடிவிடும்.

டார்க்ரெஞ்ச் எழுதியது:

காய்ச்சிய செம்பைத் தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது, இரும்பைப்போல் அது இறுகிவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேனே? மெதுவாகக் காற்றில் ஆறவிடுவதுதானே சரி?

செம்புவளையம் எழுதியது:

கரிமம் கலந்த எஃகுக்குத்தான் அந்த விதி பொருந்தும், ஐயா. செம்பு சூடேறும்போதே மென்மையாகிவிடுகிறது. அதன் பிறகு தண்ணீரில் அமிழ்த்தினாலும் காற்றில் ஆறினாலும் மென்மையில் வேறுபாடு இல்லை. தண்ணீரில் அமிழ்த்துவதால் கிடைக்கும் நன்மை, மேலே படிந்த கருப்பு ஆக்சைடு பெரும்பாலும் உதிர்ந்துவிடுவதுதான். பெரிய மெல்லிய தகட்டைப் படுக்கையாகப் போட்டால் வளையக்கூடும் என்பதால் விளிம்பு முதலில் நுழையுமாறு செங்குத்தாக இறக்குங்கள். மிச்சமிருக்கும் கருப்பை வினிகரில் ஊறவைத்து, மென்மையான நார்த்துண்டால் துடைத்தால் ரோஜா நிறச் செம்பு வெளிப்படும். அதற்குப் பிறகு கேஸ்கெட்டை வளைக்காமல், தட்டாமல், இரண்டு கைகளாலும் ஏந்திப் பொருத்த வேண்டும். கையாளும்போது வளைந்தாலே அது மீண்டும் இறுகத் தொடங்கும்.

டார்க்ரெஞ்ச் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி. என் பங்குக்கு இறுக்கும் முறையைப் பற்றிச் சொல்கிறேன். முறுக்கு விசையின் பெரும்பகுதி, தோராயமாகப் பத்தில் ஒன்பது பங்கு, போல்ட் தலையின் அடியிலும் மரையிலும் உள்ள உராய்வைக் கடப்பதற்கே செலவாகிறது. எஞ்சிய சிறு பங்குதான் போல்ட்டை இழுத்துக் கேஸ்கெட்டை அழுத்துகிறது. ஆகவே ஒரு போல்ட்டின் மரையில் துருவும் மற்றொன்றில் எண்ணெயும் இருந்தால், ரெஞ்ச் ஒரே எண்ணைக் காட்டினாலும் இரண்டின் பிடியும் பெரிதும் வேறுபடும். பேரலின் மரைகளில் டேப்பை மெதுவாக ஓட்டிச் சுத்தம் செய்து, கரைப்பானால் கழுவி, காற்றடித்து உலர்த்துங்கள். துளையின் அடியில் எண்ணெய் தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அது வெளியேற வழியின்றி வார்ப்பையே பிளந்துவிடலாம். பிறகு எல்லா போல்ட்டுகளின் மரையிலும் வாஷரின் மேலும் ஒரே மாதிரியாக ஒரு துளி எண்ணெய் தடவுங்கள்.

ஹெட்டில் ஒன்பது போல்ட்டுகள் இருக்கின்றன. அவற்றில் நான்கு ராக்கர் பெட்டிகளின் வழியாக இறங்குகின்றன. அதனால் ராக்கர் பெட்டிகளையும் பொருத்திய பிறகே இறுதி இறுக்கம் கொடுக்க முடியும். ராக்கர் பெட்டியை வைக்கும்போது புஷ்ராடுகள் ராக்கரின் குழியில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நடு போல்ட்டில் தொடங்கி, குறுக்கு மூலைகளாக வெளிநோக்கிச் சென்று, இறுதி அளவின் மூன்றில் ஒரு பங்கு, பிறகு இரண்டு பங்கு, பிறகு முழு அளவு என்று மூன்று சுற்றுகளில் முடிக்க வேண்டும். நடு போல்ட் மற்றவற்றைவிட மெலிதானது. அதற்கான அளவும் குறைவு. எண்களை உங்கள் வண்டியின் ஆண்டுக்குரிய கையேட்டிலிருந்து மட்டுமே எடுங்கள்.

ஒருமுறை சூடாகி முற்றிலும் குளிர்ந்த பிறகு மறுபடியும் இறுக்க வேண்டும். ரெஞ்சை வைத்து நேராக அழுத்திப் பார்த்து, நகரவில்லை என்றால் விட்டுவிடலாம்.

நேர்விளிம்பு எழுதியது:

கடைசி வரியில் மட்டும் மாறுபடுகிறேன். நின்றுபோன போல்ட்டை அசைக்கத் தேவைப்படும் விசை, அது ஓடிக்கொண்டிருக்கும்போது தேவைப்படுவதைவிட எப்போதும் அதிகம். பிடி தளர்ந்திருந்தாலும் ரெஞ்ச் சொடுக்கிவிடும். இறுகியிருப்பதாக நாம் நம்பிவிடுவோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு போல்ட்டை மட்டும் கால் சுற்று தளர்த்தி, ஒரே வீச்சில் முழு அளவுக்கு இறுக்கி, பிறகு வரிசையில் அடுத்ததற்குச் செல்வதே நம்பகமான முறை. மற்ற எட்டும் பிடித்திருப்பதால் கேஸ்கெட் இதனால் அசையாது.

பழைய650 எழுதியது:

மெல்லிய சீல்கள் வந்துவிட்டன. முகவேலையையும் முடித்துவிட்டேன், நடுப்பாலத்தில் 0.04 தகடு இப்போது நுழையவில்லை. உலர்வாக அடுக்கியபோது நான்கு பக்கமும் 0.9 மில்லிமீட்டருக்கு அருகில் வருகிறது. கேஸ்கெட்டைக் காய்ச்சிச் சுத்தம் செய்து, செம்பு ஸ்பிரே மெல்லியதாக அடித்து வைத்திருக்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி: மறு இறுக்கத்தை எப்போதெல்லாம் செய்ய வேண்டும், டாப்பெட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே விடும் இடைவெளியை) அதற்கு முன்பு வைப்பதா, பின்பு வைப்பதா?

வார்ப்பிரும்பு எழுதியது:

0.9 நல்ல அளவு, தைரியமாக மூடுங்கள். முதலில் டாப்பெட் இடைவெளியை வைத்து இன்ஜினை ஓட்டி, ஹெட் நன்றாகச் சூடாகும்வரை விட்டு, இரவு முழுவதும் ஆறவிடுங்கள். மறுநாள் காலை குளிர்ந்த நிலையில், நேர்விளிம்பு சொன்ன முறையில் ஒவ்வொரு போல்ட்டாக இறுக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை. எஃகு போல்ட்டைவிட அலுமினிய ஹெட் அதிகம் விரிவதால், இன்ஜின் சூடாகும்போது கேஸ்கெட்டின் மேல் அழுத்தம் கூடி, மென்மையான செம்பு இன்னும் சற்று நசுங்குகிறது. குளிர்ந்ததும் அந்த அளவுக்குப் பிடி தளர்கிறது. முதல் மறு இறுக்கத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஒவ்வொரு மறு இறுக்கத்துக்குப் பிறகும் டாப்பெட் இடைவெளியை மீண்டும் அளந்தே ஆக வேண்டும். ஹெட் கீழே இறங்கும் அளவுக்கு ராக்கரும் புஷ்ராடை நெருங்குகிறது. உங்கள் இன்ஜினில் குளிர்ந்த நிலையில் இன்லெட்டுக்கு 0.002 அங்குலம், எக்ஸாஸ்டுக்கு 0.004 அங்குலம், அதாவது 0.05, 0.10 மில்லிமீட்டர்தான் இடைவெளி. கேஸ்கெட் வெறும் 0.05 மில்லிமீட்டர் அமர்ந்தாலே இன்லெட் வால்வு முழுமையாக மூடாத நிலைக்கு வந்துவிடும். அப்போது கம்ப்ரஷன் குறைவதைப் பார்த்து, கேஸ்கெட் மறுபடி கசிகிறது என்று நினைத்து ஹெட்டைக் கழற்றிவிடாதீர்கள்; முதலில் டாப்பெட்டைப் பாருங்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன் ஃபின்களையும் குழாய்களையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, அவற்றின் மேல் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவி வையுங்கள். எங்காவது எண்ணெய் கசிந்தால் அது தொடங்கும் இடம் பவுடரில் ஈரக்கோடாகத் தெரியும். குழாயின் மேல் சீலா, கீழ் சீலா, ராக்கர் பெட்டியா என்று ஊகிக்க வேண்டியிருக்காது. ஹெட்டும் பேரலும் சேரும் கோட்டில் வாயு வெளிவருகிறதா என்று பார்க்க, பிஸ்டனை அழுத்த நிலையின் உச்சியில் நிறுத்தி, கியரில் போட்டுப் பின்சக்கரம் உருளாமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, அந்தக் கோட்டில் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும்.